புதுப்பிப்பு: பைக்கின் பின் ஷாக் (அதிர்வுதாங்கி) மாற்றியாயிற்று

பின்னால் ஆள் ஏறினாலே வேகத்தடையில் பைக் அடிதட்டுகிறது, ஷாக்கில் எண்ணெய் கசிகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இறங்கிவிடாதபடி ஒரு பக்கத்தை மாற்றி முடித்த பிறகே மறுபக்கத்தில் கைவைத்து, பழையதன் நீளமே உள்ள கேஸ் (வாயு நிரப்பிய) ஷாக் இரண்டையும் பொருத்திவிட்டேன். துருவேறிய கீழ் போல்ட் மட்டும் எண்ணெயில் ஓர் இரவு ஊறிய பிறகுதான் அசைந்தது.

பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, அதைச் சரிசெய்வதுதான் பொறுமையைக் கேட்டது. சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்கடியில் ஒட்டிய டேப் வரை 520 மி.மீ. இருந்தது, நான் அமர்ந்ததும் 478 ஆனது. சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய 100 மி.மீ. பயணத்தில் 42 அமுங்குவது மிக அதிகம் என்பதால், இரு பக்கமும் சமமாக இரண்டு படி ஏற்றி 31க்குக் கொண்டுவந்தேன். பிரீலோடு கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாறுவது வண்டி நிற்கும் உயரமே. இப்போது இருவர் அமர்ந்தும் அடிதட்டவில்லை.