உட்கார்ந்துபோன பின் ஸ்பிரிங்: ரப்பர் வைத்துத் தூக்கினால் போதுமா, ஜோடியாக மாற்றத்தான் வேண்டுமா?

நாலுசக்கரம்:

17 வருடம் ஓடிய என் சின்னக் கார் பின்பக்கம் நன்றாக இறங்கிவிட்டது. ஆள் யாரும் இல்லாமல் நிற்கும்போதே டிக்கி பக்கம் தாழ்ந்து தெரிகிறது. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் வேகத்தடையில் 'டொம்' என்று இடிக்கிறது. ஆறு மாதம் முன்பு ஒரு பட்டறையில் காட்டினேன். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொல்லி இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி குதித்துக்கொண்டே போவது நின்றது. உயரம் மட்டும் ஒரு விரல்கூட ஏறவில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அது ஆடும் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

போன வாரம் அளந்தே பார்த்துவிட்டேன். சமதரை, நாலு டயரிலும் சரியான காற்று, டிக்கி காலி. வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி நிறுத்திவிட்டு, சக்கரத்தின் நட்டநடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தேன். இடது 338 மி.மீ., வலது 321 மி.மீ. சர்வீஸ் புத்தகத்தில் 360 என்று இருக்கிறது.

பின் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றப்போகிறேன், கூடவே ஸ்பிரிங்கின் மேல் ரப்பர், கீழ் ரப்பர், பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலே ஏறும் எல்லையில் முட்டும் ரப்பர்) எல்லாம் புதிது. சுருள்களுக்கு நடுவில் ரப்பர் வளையம் செருகித் தூக்குவது தப்பு, ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் தப்பு என்பது என் முடிவு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நெடுவழி:

மறுப்பு இருக்கிறது நண்பரே. ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டால் தளர்ந்துபோய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒரு காயில் ஸ்பிரிங்கின் விறைப்பைத் தீர்மானிப்பவை நாலே விஷயம்: கம்பியின் தடிமன், சுருளின் அகலம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் இயல்பான விறைப்பு. இதில் எதுவும் வயதாவதால் மாறாது. போனது நீளம் மட்டும்தான். 360 மி.மீ. நிற்க வேண்டியது 321-ல் நிற்கிறது, ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் பழையபடி அதே அளவுதான் அமுங்குகிறது.

அப்படியிருக்க, நல்ல எஃகை ஏன் தூக்கிப் போட வேண்டும்? குறைந்த உயரத்தை ஸ்பிரிங்கின் அடியில் தடித்த ரப்பர் இருக்கை வைத்து ஈடுகட்டலாம். என் பழைய காருக்குக் கடையில் கிடைத்த புது ஸ்பிரிங்கை ஜோடியாகவே போட்டேன். பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. சாலையில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தெரிந்தது. இரண்டே மாதத்தில் கழற்றிவிட்டுப் பழையதையே அடிரப்பரோடு திருப்பிப் போட்டேன். 5 வருடமாக ஓடுகிறது.

நாலுசக்கரம்:

விறைப்பு மாறாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், நன்றி. நானும் தளர்ந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீங்கள் வைத்தது அடியில். நான் தப்பு என்று சொன்னது சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் செருகும் வளையத்தை. அது ஒரு சுற்றைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அந்தச் சுற்று செய்ய வேண்டிய வேலையை மற்ற சுற்றுகள் தலையில் ஏற்றுகிறது. வண்டி உயர்ந்தது போல இருக்கும், பயணம் கட்டையாகும், வளையம் முடியும் இடத்தில் பெயிண்ட் உரசிப்போய்த் துரு பிடிக்கும்.

அடிரப்பரிலும் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. நீளம் குறைந்த ஸ்பிரிங் என்றால் சுருள்களுக்கு நடுவிலுள்ள சந்து ஏற்கெனவே குறைந்துவிட்டது. அதன் அடியில் 30 மி.மீ. ரப்பர் வைத்தால், பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுக்க மேலே ஏறும்போது ஸ்பிரிங்குக்கு அமுங்க இருக்கும் இடம் இன்னும் 30 மி.மீ. குறைகிறது. பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே சுருளோடு சுருள் மோதலாம். உங்கள் ஸ்பிரிங்கில் சுருள்கள் ஒன்றையொன்று முட்டிய தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

நெடுவழி:

பார்க்கவில்லை. பார்க்கிறேன். ஆனால் இது 40 மி.மீ. இறங்கிய வண்டிக்குப் பொருந்தும். 15 மி.மீ. இறங்கியவர்கள் எல்லோரும் ஸ்பிரிங் வாங்க ஓட வேண்டியதில்லை என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன்.

ஒற்றைச்சாவி:

ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. என் வண்டி வாங்கி 3 வருடம்கூட ஆகவில்லை, குழியில் இறங்கி பின் இடது ஸ்பிரிங் உடைந்தது. அந்த ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். இரண்டு பக்கமும் 4 மி.மீ. வித்தியாசம். ஒரு பக்கமாக இழுக்கவும் இல்லை, டயரும் சீராகத்தான் தேய்கிறது.

பட்டறைக்கை:

எனக்குப் பிழைப்பே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைச்சாவி தம்பி செய்ததில் குறை சொல்ல மாட்டேன். 3 வருட ஸ்பிரிங்கும் புது ஸ்பிரிங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 17 வருட ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் புதிதைப் போட்டால் கதை வேறு. அந்த மூலை உயர்ந்து நிற்கும். அதோடு போகாது, நாலு கால் நாற்காலியில் ஒரு காலின் அடியில் அட்டை வைத்தது போல, குறுக்கே இருக்கிற முன் சக்கரத்துக்கும் எடை கூடும். மற்ற இரண்டுக்கும் குறையும். மழையில் அவசரமாக பிரேக் பிடிக்கும்போது அது தெரியும்.

இப்போது துருவுக்கு வருகிறேன். நெடுவழி அண்ணன் சொன்ன நாலு விஷயத்தில் கம்பியின் தடிமன் மாறாது என்பது பெயிண்ட் இருக்கும் வரைதான். விறைப்பு தடிமனின் நாலாம் அடுக்கில் போகிறது. 12 மி.மீ. கம்பியைத் துரு தின்று 11.5 ஆக்கினால், பார்க்க ஒன்றும் தெரியாது, விறைப்பில் 15 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

என் கைக்கு வந்த உடைந்த ஸ்பிரிங்குகளில் பெரும்பாலும் அடிச் சுற்றில்தான் உடைந்திருக்கும். ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம் போன்ற இருக்கையில் சேறும் தண்ணீரும் தேங்கும், சின்னக் கல் மாட்டிக்கொண்டு பெயிண்ட்டைச் சுரண்டும். அங்கே ஒரு புள்ளி அளவு குழி விழுந்தால் போதும், ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் விரிசல் அங்கிருந்துதான் வளரும். உடைந்த துண்டு கிண்ணத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு வண்டியில் உடைந்த முனை இருக்கையை விட்டு வெளியே வந்து, டயரின் உள்பக்கச் சுவரில் முழு வட்டமாகக் கோடு கிழித்திருந்தது. கோட்டில் விரலை வைத்தேன், உள்ளே நூல் தட்டுப்பட்டது. அன்று அந்தக் குடும்பம் நெடும்பயணம் கிளம்பி, வழியில் காற்று அடிக்க நிறுத்தியிருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் படபடப்புதான்.

அதனால் உயரம் அளப்பதற்கு முன்பு டார்ச் அடித்து அடிச் சுற்றைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் லேசாகச் சுரண்டுங்கள். துரு தூளாக உதிர்ந்தால் பரவாயில்லை. ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தால் அந்த ஸ்பிரிங்கின் அடியில் எந்த ரப்பரும் வைக்காதீர்கள்.

நெடுவழி:

ஒரு திருத்தம், ஐயா. இருக்கையில் படிந்து உட்கார்ந்திருக்கும் கடைசிச் சுற்று வேலை செய்யாத சுற்று. அங்கே கம்பி மெலிந்தால் விறைப்பு குறையாது. நடுச் சுற்றுகள் மெலிந்தால்தான் நீங்கள் சொன்ன கணக்கு.

பட்டறைக்கை:

சரிதான். நடுவில் மெலிந்தால் தாழும், அடியில் மெலிந்தால் உடையும். நான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெட்டுக்கிளி மாதிரி தூக்கிய அந்தப் புது ஸ்பிரிங்கில் பெயிண்ட் குறி பார்த்தீர்களா? ஒரே மாடலில் பெட்ரோல், டீசல், காஸ் சிலிண்டர் வைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஸ்பிரிங் இருக்கலாம். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், சுருளில் அடித்திருக்கும் வண்ணக் கோடுகள்தான் அடையாளம். கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் எடை கூடிய வகைக்கு உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நெடுவழி:

பழையதில் இரண்டு மஞ்சள் கோடு உண்டு. புதியதில் என்ன இருந்தது என்று கவனிக்கவில்லை. அப்படியானால் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தது தப்பான ஸ்பிரிங்கையாக இருக்கலாம். இது எனக்குத் தோன்றவே இல்லை.

கியர்மாற்றி:

லாரியில் இருக்கும் கமான் பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றி மாட்டுகிறார்களே, அதே போல காயிலையும் சூடாக்கி இழுத்து நீட்டினால் என்ன?

பட்டறைக்கை:

வேண்டாம் தம்பி. கமான் பட்டையில் தேவையான இடத்துக்கு ஒரு பட்டையை மாற்றலாம், சேர்க்கலாம், வளைவு ஏற்றிப் பதம் கொடுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். காயிலைக் காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும். இரண்டு நாள் உயரமாக நிற்கும், அப்புறம் முன்பைவிடத் தாழ உட்காரும். இல்லையென்றால் உடையும்.

நாலுசக்கரம்:

உயரம் ஏன் முக்கியம் என்பதற்கு யாரும் சொல்லாத ஒன்று. சில பழைய வண்டிகளில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதைப் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்த வால்வு தீர்மானிக்கிறது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வண்டியில் பாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் அப்படி நடந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அளவுக்கு மேல் உயர்த்தினால் அதற்கு நேர்மாறு, ஐந்து பேரும் மூட்டையும் இருக்கும்போது பின் பிரேக் பிடிக்க வேண்டிய அளவு பிடிக்காது. என் வண்டியில் அந்த வால்வு இருக்கிறது. அதனால்தான் 360 என்ற எண்ணை இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒற்றைச்சாவி:

இது நல்ல தகவல். பின்பக்கம் தாழ்ந்தால் முன் விளக்கு வெளிச்சமும் மேலே ஏறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோடியாக மாற்றுவது பற்றி: பழைய வண்டிக்கு ஜோடி என்று ஒப்புக்கொள்கிறேன். புது வண்டிக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாலுசக்கரம்:

வீட்டிலேயே மாற்றலாம் என்று இருக்கிறேன். பட்டறைக்கை அண்ணே, என் வண்டியில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் வேண்டுமா?

பட்டறைக்கை:

தனித்தனியாக இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கிற வகை என்றால் வீட்டில் தொடாதீர்கள். அமுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் ஆளையே அடித்துவிடும்.

உங்கள் வகைக்கு: முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி பாடியை இரண்டு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் தலை நீட்டக் கூடாது. அப்புறம் ஜாக்கியைப் பின் ஆக்ஸிலுக்கு அடியில் கொடுத்து, ஷாக்கின் அடி போல்ட்டை இரண்டு பக்கமும் கழற்றி, மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போது உங்கள் கண் ஸ்பிரிங்கில் இருக்கக் கூடாது, பிரேக் ஹோஸில் இருக்க வேண்டும். அது விறைக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டுக் கிளிப்பை விடுவியுங்கள். ஏபிஎஸ் ஒயர் இருந்தால் அதுவும் அப்படித்தான். ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

போல்ட்டில் முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். திரும்ப மாட்டும்போது அடி போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, வண்டி தன் காலில் தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் போல்ட் நுழையும் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

நெடுவழி:

நேற்று என் வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சுருளோடு சுருள் மோதிய தடம் இல்லை, அந்தக் கவலை எனக்கு நீங்கியது. ஆனால் நான் வைத்த அடிரப்பர் கிண்ணத்தின் வடிகால் துளையை அடைத்திருக்கிறது. ரப்பரைத் தூக்கியதும் ஒரு கை கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அடிச் சுற்றில் துரு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வருகிறது. கம்பியின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். நடுவில் 11.9 மி.மீ., அடியில் ஓர் இடத்தில் 10.8.

ஸ்பிரிங் விறைப்பு பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் இந்த ஸ்பிரிங்கோடு வீட்டாரை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. இரண்டு மஞ்சள் கோடு போட்டதையே தேடி வாங்கப்போகிறேன், ஜோடியாக. வண்டி இப்போது ஸ்டாண்டில் நிற்கிறது.

நாலுசக்கரம்:

நீங்கள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததே பெரிய விஷயம், நண்பரே. எனக்கு இன்று வேலை முடிந்தது. முதலில் மாட்டி இறக்கியதும் இடது 359, வலது 368. பதறிவிட்டேன். திரும்ப இறக்கிப் பார்த்தால், வலது ஸ்பிரிங்கின் முனை இருக்கையில் உள்ள படியில் முட்டாமல், படிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கையால் பிடித்து முனை படியில் முட்டும் வரை திருப்பி வைத்தேன். இப்போது 359, 358. புது ஸ்பிரிங் ஒரு மாதத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்கிறார்கள், அப்போது மறுபடி அளந்து இங்கே போடுகிறேன்.

நெடுவழி:

மேல் ரப்பரும் புதியதா? பழையது நன்றாக இருந்தால் அதையே வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

நாலுசக்கரம்:

புதியது. என் பழைய ரப்பரை எடுத்தபோது சுருள் பதிந்த இடத்தில் வெட்டியது போல ஆழமாகப் பள்ளம் இருந்தது, இரண்டு விரலால் மடக்கியதும் பிளந்துவிட்டது. உங்களுடையதையும் மடக்கிப் பாருங்கள்.