சல்கேட்டா குட்டிகள்: ஆண், பெண் ஜோடியை ஒன்றாக விடலாமா?

ஏர்வாடி_தம்பி:
வீட்டில் உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக்குட்டிகள் இரண்டு இருக்கின்றன. ஆணும் பெண்ணும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பெரியது நன்றாகத் தின்கிறது. சின்னது மூலையிலேயே கிடக்கிறது. பிரிக்கவா, இப்படியே விடவா?

கீழக்கரை_காக்கா:
பிரிக்க வேண்டாம் தம்பி. ஒன்று மேய்வதைப் பார்த்துத்தான் இன்னொன்றும் மேயும். எங்கள் தோட்டத்தில் இருப்பவை ராத்திரி ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் தூங்குகின்றன. அவ்வளவு பாசம்!

மண்டபம்_அக்கா:
காக்கா, அது பாசம் இல்லை. கதகதப்பான இடத்தையும் மறைவையும் பலமுள்ளது பிடித்துக்கொள்கிறது. கடிக்காமலேயே இன்னொன்றைப் பட்டினி போட்டுவிடும். தம்பி வீட்டில் நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ஜோடிக் கதையையே நம்ப வேண்டாம். முட்டை இருந்த சூட்டைப் பொறுத்துத்தான் குட்டி ஆணா பெண்ணா என்று அமைகிறது. சூடு குறைந்தால் ஆண், கூடினால் பெண். ஆனால் ஓடு ஓரடி நீளத்தைத் தாண்டும்வரை வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அப்புறம்தான் ஆணுக்கு அடிஓடு குழியும், வால் நீண்டு பருக்கும். இரண்டுமே ஆணாக இருந்தால் வளர்ந்தபின் முட்டிக் கவிழ்த்துவிடும். கவிழ்ந்த ஆமை நம் ஊர் வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்?

கீழக்கரை_காக்கா:
சரி, நிஜமாகவே ஆணும் பெண்ணுமாக இருந்தால்? அந்தக் காலத்தில் எங்கள் தென்னந்தோப்பில் நட்சத்திர ஆமைகள் சேர்ந்தேதான் திரிந்தன. ஒரு சண்டை பார்த்ததில்லை.

மண்டபம்_அக்கா:
நட்சத்திர ஆமை சாதுவான இனம், தோப்பும் பெரிது. அதை வீட்டில் வைப்பது இப்போது குற்றம்; 2019-ல் சைட்டிஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும், அதாவது வணிகத்துக்கு விற்கக் கூடாதவற்றில், சேர்த்துவிட்டார்கள். சல்கேட்டாவையும் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், தம்பி.

ஓர் ஆணோடு ஒரே ஒரு பெண்ணை அடைத்தால் அவளுக்கு ஓய்வே கிடையாது. துரத்தித் துரத்திக் காலைக் கடிக்கும். இன்னொன்றும் சொல்கிறேன்: பருவம் வந்த பெண் ஆண் இல்லாமலும் முட்டையிடும். தோண்ட ஆழமான மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

தொண்டி_வாசி:
பிரித்தாலும் சேர்த்தாலும் சுண்ணாம்புச் சத்து முக்கியம். கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, உப்புப் போனதும் காயவைத்துப் போடுங்கள். அருகம்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி போதும். சோறு, பழம் வேண்டாம். காலை வெயில் கட்டாயம். பக்கத்தில் நிழலும் இருக்கட்டும்.

கீழக்கரை_காக்கா:
கீழே கடற்கரை மணலைப் பரப்பலாமே, சுத்தமாக இருக்கும்.

மண்டபம்_அக்கா:
வேண்டவே வேண்டாம். இரையோடு விழுங்கினால் குடலை அடைத்துவிடும். ஈரம் தங்கும் தோட்டத்து மண்ணே நல்லது. ரொம்பக் காய்ந்த இடத்தில் வளரும் குட்டிக்கு ஓடு மேடுமேடாகப் புடைக்கும். தினமும் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் விடுங்கள்.

ஏர்வாடி_தம்பி:
இன்றைக்கே நடுவில் பலகை வைத்துவிடுகிறேன். வாராவாரம் எடை பார்க்கிறேன். சின்னது ஏறவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் எச்சத்தையும் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

கீழக்கரை_காக்கா:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. சின்னது தேறியதும் பெரிய வேலிக்குள், இரண்டு மறைவிடம், இரண்டு தட்டு வைத்துச் சேர்த்துப் பாருங்கள் தம்பி.

மண்டபம்_அக்கா:
அதற்கும் நான் ஒப்பமாட்டேன், காக்கா. எடை ஏறட்டும், அப்போதும் தனித்தனிதான்.