புரோக்கர் இல்லாமல் அப்பா வீட்டை விற்கிறோம்: பார்க்க வருகிறார்கள், திரும்பக் கூப்பிடுவதில்லை. விலைதான் காரணமா?

வயலூர்ரோடு கவி

வணக்கம். திருச்சி வயலூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. 1998ல் அப்பா கட்டியது. மனை முப்பதுக்கு அறுபது, 1,800 சதுர அடி. கீழ்த்தளம் 1,150 சதுர அடி, மாடியில் பிற்பாடு எடுத்த ஓர் அறை. வடக்குப் பார்த்த வாசல், 20 அடி ரோடு. அப்பா போன பிறகு அம்மா என்னோடு பெங்களூருக்கு வந்துவிட்டார். தம்பி சிங்கப்பூரில். வீடு பூட்டிக் கிடப்பதால் விற்றுவிடலாம் என்று மூன்று பேரும் முடிவு செய்தோம்.

1 கோடியே 10 லட்சம் என்று போட்டிருக்கிறோம். அடுத்த தெருவில் இதே அளவு வீட்டுக்கு 1.20 என்று ஒருவர் விளம்பரம் கொடுத்திருந்தார். மாமாவும் ஒரு கோடிக்குக் கீழே இறங்கவே கூடாது என்றார். ஓஎல்எக்ஸ், மேஜிக்பிரிக்ஸ் இரண்டிலும் தை மாதமே போட்டாயிற்று. போன் நிறைய வருகிறது, பாதி புரோக்கர்கள்தான். நேரில் வருகிறவர்கள் நிதானமாகச் சுற்றிப் பார்க்கிறார்கள், "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்கிறார்கள், அதோடு சரி. இதுவரை ஒருவர்கூடக் குறைத்துக் கேட்கவில்லை.

ஆடி பிறந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. விலையில் கோளாறா, விளம்பரத்திலா, இல்லை புரோக்கர் இல்லாததாலா? எதிலிருந்து சரிபார்க்க ஆரம்பிப்பது?

மலைக்கோட்டை வாசு

கவி மேடம், யாரும் குறைத்துக் கேட்கவில்லை என்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. விலை அஞ்சு லட்சம் கூட என்று நினைப்பவர் பேரம் பேசுவார். முப்பது லட்சம் கூட என்று நினைப்பவர் வாயே திறக்கமாட்டார். கேட்டால் உங்கள் மனசு நோகும் என்று நல்லபடியாகப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

வீடு எந்த இடத்தில் சிக்குகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம். போனே வராவிட்டால் விளம்பரத்தைப் பாருங்கள். போன் வந்து ஆள் வராவிட்டால் போனில் சொல்லும் விவரம் போதவில்லை. அட்வான்ஸ் வரை வந்து பின்வாங்கினால் பத்திரத்தில் ஏதோ இருக்கிறது. ஆள் வந்து, பார்த்து, பேரமே இல்லாமல் போனால் பெரும்பாலும் விலைதான்.

அடுத்த தெருக்காரர் 1.20 போட்டிருக்கிறார், சரி. அந்த வீடு விற்றதா? விற்காத வீட்டின் விலை அவருடைய ஆசைதான். விற்ற விலையைப் பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த இடத்திலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பார்க்கும் பகுதிக்குப் போங்கள். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம் தேர்ந்தெடுத்து, உங்கள் புல எண்ணை மட்டுமில்லாமல் பக்கத்து எண்களையும் போட்டுப் பாருங்கள். வருகிற பட்டியலில் ஒவ்வொரு கிரயப் பத்திரத்துக்கும் 'கைமாற்றுத் தொகை' என்றும் 'சந்தை மதிப்பு' என்றும் இரண்டு தொகை இருக்கும். கடைசி இரண்டு மூன்று வருஷப் பத்திரங்களை மட்டும் எடுத்து, பரப்பளவால் வகுத்து, சதுர அடிக்கு என்ன என்று எழுதி வையுங்கள். ஒரு விஷயம்: பலர் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பு) ஒட்டியே பத்திரத்தில் தொகை காட்டுகிறார்கள். அதனால் அதை அடிமட்டமாக வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் அண்மையில் வாங்கியவர் ஒருவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். வாங்கி முடித்தவர் மறைக்க மாட்டார்.

திருவெறும்பூர் சரவணன்

நான் இதை ஒத்துக்கொள்ளமாட்டேன். வயலூர் ரோட்டில் இடம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அவசரமில்லை என்றால் குறைக்காதீர்கள் கவி. இன்று குறைத்தால் நாளைக்கு வருபவர் அதற்கும் கீழே கேட்பார். இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்

சரவணன் தம்பி, ஏறுவது மண். 27 வருஷக் கட்டடம் ஏறாது. பூட்டிய வீடு வருஷத்துக்கு வருஷம் இன்னும் இறங்கும். மொட்டைமாடித் தளம் வெடித்து ஒரு மழை உள்ளே இறங்கினால் கதை முடிந்தது.

கவி அம்மா, நான் கிளையில் வீட்டுக் கடன் பார்த்தவன். விற்பவர்கள் அநேகமாகப் பார்க்காத கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டை வாங்கப்போவது சம்பளக்காரர், கடன் போட்டுத்தான் வாங்குவார். வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் மண்ணுக்கு ஒரு விலை, கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்து ஒரு விலை போடுவார். வரைபட அனுமதியில் இல்லாத மாடி அறைக்கு ஒன்றும் போடமாட்டார். அங்கே மண் சதுர அடி 3,400 என்று வைத்துக்கொள்வோம், 1,800 சதுர அடிக்கு 61 லட்சம் சொச்சம். இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,300 ஆகும் என்று வைத்தால் கீழ்த்தளம் 26 லட்சத்துக்கு மேல் வரும். 60 வருஷ ஆயுளில் 27 போய்விட்டது, பழைய சாமான் மதிப்பாகப் பத்து சதவீதத்தை ஒதுக்கிக் கழித்தால் 15, 16 லட்சம் நிற்கும். மொத்தம் 77.

விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் கடன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு 80 சதவீதம்தான் உச்சம். ஆக 61.6 லட்சம் கிடைக்கும். உங்கள் விலை 1.10 என்றால் வாங்குபவர் 48 லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம், அது 9.9 லட்சம். ஏறக்குறைய 58 லட்சம் ரொக்கமாகக் கையில் இருப்பவர் 27 வருஷ வீட்டை ஏன் வாங்குகிறார்? காலி மனை வாங்கிப் புதிதாகக் கட்டிக்கொள்வார். அதே வீடு 80 என்றால் அவர் கையிலிருந்து போடுவது பதிவுச் செலவோடு 25, 26 லட்சம். அவ்வளவு சேமித்து வைத்த குடும்பங்கள் திருச்சியில் இருக்கின்றன. உங்கள் வாசலுக்கு வந்துபோகிறவர்கள் அவர்கள்தான்.

3,400 என்பது நான் உதாரணத்துக்கு வைத்தது. வாசு சொன்னபடி உங்கள் தெருவின் உண்மையான எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

வயலூர்ரோடு கவி

ஐயா, மிக்க நன்றி. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பின்தெருவில் 1,500 சதுர அடி காலி மனை ஒன்று போன வருஷம் 45 லட்சத்துக்குப் பதிவாகியிருக்கிறது, அதாவது 3,000. அம்மாவுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அதே வரிசையில் வாங்கியிருந்தது. அவர்கள் கொடுத்தது 3,400 பக்கம் என்றார்கள். ஐயா கணக்கு அப்படியே பொருந்துகிறது.

எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மாவிடமும் தம்பியிடமும் எப்படிச் சொல்வது? அப்பா ஒவ்வொரு கதவையும் தேக்கில் இழைத்து வாங்கினார். 80 என்றதும் தம்பி, "அப்பா உழைப்பைக் குறைச்சு விக்கச் சொல்றியா"ன்னு கேட்கிறான். அப்புறம், பத்திரம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதுவும் ஒரு தடையா?

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்

தேக்குக் கதவுக்கு அவன் சொல்வது நியாயம்தான் அம்மா. ஆனால் நீங்கள் சொல்லிப் புரியவைக்க வேண்டாம், அக்கா தம்பிக்குள் அது மனத்தாங்கலாகிவிடும். அரசு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து அறிக்கை வாங்குங்கள். பக்கம் பக்கமாக, மண்ணுக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கதவு ஜன்னலுக்கு இவ்வளவு என்று எழுதித் தருவார். அந்தத் தாளை மூன்று பேரும் சேர்ந்து படியுங்கள். மாமாவும் படிக்கட்டும்.

ஆடிட்டர் நித்யா

கவி, பத்திரம் அப்பா பெயரில் இருப்பது பெரிய தடை இல்லை. ஆனால் வாங்குபவர் வருவதற்கு முன்பே காகிதத்தைச் சரிசெய்துவிடுங்கள். உயில் இல்லையென்றால், அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா இருந்தால் அவருக்கும் உண்டு. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, உங்கள் பெயர்களில் கூட்டுப் பட்டா, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, தாய்ப் பத்திரம், 30 வருஷ வில்லங்கம், அனுமதி வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது இவைதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தம்பி வெளிநாட்டில் வசிப்பவர் என்ற வகையில் வந்தால் அவர் பங்குக்கு டிடிஎஸ் (விலையைத் தரும்போதே வாங்குபவர் பிடித்துக் கட்டும் வரி) வேறு. உங்களுக்கும் அம்மாவுக்கும் 1 சதவீதம்தான். மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தாலே அதைப் பிடிக்க வேண்டும். பங்கு பிரித்தால் தலைக்கு 50க்குக் கீழே வருகிறதே என்ற வாதம் 2024 அக்டோபரிலிருந்து செல்லாது. தம்பிக்கு நீண்டகால மூலதன ஆதாய விகிதமான 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமானவரித் துறையிடம் முன்கூட்டியே வாங்காவிட்டால், ஆதாயத்தின் மேல் இல்லாமல் அவர் பங்குத் தொகை முழுவதன் மேலும் பிடிப்பார்கள். இது தெரியாமல் உடன்படிக்கை போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் வாங்குபவர் மிரண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். சான்றுக்கு இப்போதே விண்ணப்பிக்கத் தயாராகுங்கள்.

தம்பி வரமுடியாவிட்டால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று உங்களுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். அது இங்கே கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

ஆதாய வரிக்குப் பயப்பட வேண்டாம். வாரிசாக வந்த சொத்துக்கு அப்பா வைத்திருந்த காலமும் செலவும் உங்களுக்கு வரும். 2001 ஏப்ரல் 1க்கு முந்தைய சொத்து என்பதால் அன்றைய மதிப்பையே அடக்கவிலையாக வைக்கலாம். ஆனால் அது அன்றைய அரசு மதிப்பைத் தாண்டக் கூடாது. நீங்களும் அம்மாவும் பணவீக்கம் சரிசெய்து 20 சதவீதமா, சரிசெய்யாமல் 12.5 சதவீதமா என்று எது குறைவோ அதைக் கட்டலாம். தம்பிக்கு இந்தத் தேர்வு கிடையாது.

விலையைக் குறைக்கும்போது வழிகாட்டி மதிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விற்கும் விலையைவிட அது பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் வழிகாட்டி மதிப்புக்கே வரி போடுவார்கள். "பாதி கருப்பில் தர்றேன்" என்று யாராவது கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வீடு விற்ற பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

உறையூர் மீனாட்சி

கவி, போன வருஷம் நாங்களும் புரோக்கர் இல்லாமல்தான் விற்றோம். உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன்பா. முதல் படமே பூட்டிய கேட், அதன் மேல் காய்ந்த வேப்ப இலை. அதை முதலில் எடுங்கள். யாரையாவது வைத்துக் கூட்டிக் கழுவி, எல்லா ஜன்னலையும் திறந்து, காலை வெயிலில் எடுத்துப் போடுங்கள். அந்தத் தேக்குக் கதவைக் கிட்டத்தில் ஒரு படம். போர் எத்தனை அடி, மாநகராட்சிக் குடிநீர் இணைப்பு உண்டா, கார் உள்ளே நிற்குமா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதையும் எழுதிவிடுங்கள். அந்தப் பக்கம் யார் வாங்கினாலும் கோரையாறு பெருகினால் என்ன ஆகும் என்று கேட்காமல் இருக்கமாட்டார்கள். நிற்காது என்றால் நிற்காது என்று தைரியமாக எழுதுங்கள். நிற்கும் என்றால் அதையும் எழுதுங்கள். மழைக்காலத்தில் வந்து பார்த்தால் தெரியத்தானே போகிறது.

விளம்பரத்திலேயே "உரிமையாளர் நேரடி விற்பனை, தரகு கொடுக்க மாட்டோம்" என்று போட்டால் புரோக்கர் போன் கொஞ்சம் குறையும். பத்திர நகலை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். விலை பேசி முடித்தவருக்கு மட்டும் கொடுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வீடு பார்க்காமலே அட்வான்ஸ் போடுகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்கள் என்று ஒருவன் கூப்பிடுவான். எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஆடிக்குப் பயப்படாதீர்கள். ஆடியில் பார்ப்பார்கள், பேசுவார்கள், பதிவை மட்டும் ஆவணிக்குத் தள்ளுவார்கள். ஆடிப்பெருக்குக்குப் பதிவு அலுவலகத்தில் கூடுதல் டோக்கனே கொடுக்கிறார்கள்.

வயலூர்ரோடு கவி

எல்லோருக்கும் நன்றி. மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டார், 76.5 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி அறிக்கையைப் படித்துவிட்டு, கதவுக்குத் தனியாக மதிப்பு போட்டிருப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, சரி என்றான். 82 போட்டு 77 வரை இறங்கலாம் என்று மூன்று பேரும் பேசிவிட்டோம். தம்பி அங்கே ஆடிட்டரிடமும் பேசுகிறான். கடைசியாக ஒரு சந்தேகம்: மாடி அறையை விளம்பரத்தில் சொல்வதா வேண்டாமா?

மலைக்கோட்டை வாசு

சொல்லுங்கள். "மாடியில் ஓர் அறை உள்ளது, அனுமதி வரைபடத்தில் இல்லை, அதற்கு விலை சேர்க்கவில்லை" என்று அப்படியே எழுதுங்கள். வங்கி ஆள் வரும்போது எப்படியும் தெரியும். உங்கள் வாயால் முதலிலேயே தெரிந்துகொண்டவர் அதை வைத்து விலை குறைக்க மாட்டார். அப்புறம் 82ஐ மட்டும் மாற்றி விட்டுவிடாதீர்கள், பழைய விளம்பரத்தை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தை மாதத்துத் தேதியைப் பார்த்தாலே இத்தனை நாளாக ஏன் போகவில்லை என்றுதான் கேட்பார்கள். ஏற்கெனவே வந்து பார்த்தவர்கள் நம்பர் இருக்குமே, அவர்களுக்கு முதலில் போன் போட்டு விலை மாறியதைச் சொல்லிவிடுங்கள்.