ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்தை நீங்கள் எப்போது, எப்படிப் படித்தீர்கள்?

மேற்கு மாம்பலத்திலிருந்து:

2003 ஜூன் 21, சனிக்கிழமை. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும் நாள். அந்த வருஷம் சென்னை தண்ணீருக்குப் பட்ட பாடு இங்கே நிறைய பேருக்கு நினைவிருக்கும். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அம்மா விடியும் முன்பே நாலு குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போய் மாமாவின் வண்டியில் ஏறிக்கொண்டேன். நுங்கம்பாக்கத்தில் அப்போதிருந்த பெரிய புத்தகக் கடைக்குப் போக. லண்டனில் நள்ளிரவு என்றால் நமக்கு விடிகாலை நாலரை. "தண்ணிக்கு நிக்க ஆளில்ல, புத்தகத்துக்கு நிக்கப் போறா" என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் போனேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் புத்தகம், 'ஆர்டர் ஆஃப் த ஃபீனிக்ஸ்'. நாலாவது வந்தது 2000 ஜூலையில். நடுவில் மூன்று வருஷம் காத்திருந்தோம். மூன்றாம் புத்தகம் 317 பக்கம், நாலாவது 636, இது 766. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. ஞாயிறு ராத்திரி முடித்தேன். முடித்ததும் எனக்கு வந்தது கோபம். இந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று? நண்பன் ரானிடம் கத்துகிறான், தோழி ஹெர்மயனியிடம் கத்துகிறான், அதுவும் பெரிய எழுத்தில். மூன்று வருஷம் இதற்கா காத்திருந்தேன் என்று அலமாரியில் மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. அரையாண்டு லீவில் மறுபடி எடுத்தேன். ஹாரிக்கும் பதினைந்து வயது, அவனுக்கும் அது பொதுத்தேர்வு வருஷம் என்பது அப்போதுதான் உறைத்தது. தாவரவியல் வகுப்பில் ஹானா அபாட் என்ற பெண் 'நான் மக்கு, பரீட்சை எழுத மாட்டேன்' என்று உடைந்து அழுவாள். அவளுக்கு மனசு அடங்க மருந்து கொடுப்பார்கள். ஜூனில் படித்தபோது அந்த இடம் என் கண்ணிலேயே படவில்லை. டிசம்பரில் படித்தபோது, கணக்கு ரிவிஷன் டெஸ்ட் பேப்பரை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் ஒரு பீரியட் முழுக்க வெளியே வராத என் பக்கத்து பெஞ்ச் தோழி வந்து நின்றாள்.

என் கட்சி இதுதான். அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் புத்தகமே இல்லை. கண்ணெதிரே ஒருவன் செத்ததைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையை ஊரே பொய்யன் என்கிறது. பெரியவர்கள் அவனிடம் எதையும் சொல்வதில்லை. அவன் கத்தாமல் என்ன செய்வான்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பிடிக்காதவர்களும் சொல்லுங்கள்.

வேளச்சேரியிலிருந்து:

அக்கா, நான் எதிர்க்கட்சி. கோபத்தை நான் குறை சொல்லவே இல்லை. நீளத்தைச் சொல்கிறேன். மொத்தம் 38 அத்தியாயம். மந்திரப் பள்ளிக்கூடம் போய்ச் சேரவே பதினொன்றாவது அத்தியாயம் ஆகிவிடுகிறது. அதுவரை ஒரு பழைய வீட்டில் தூசி தட்டுகிறார்கள். பள்ளியின் வனக்காவலர் ஹாக்ரிட் காட்டில் ஒளித்து வைத்திருக்கும் அரக்கத் தம்பி கிராப்பை எடுத்துவிட்டாலும் கதை நகரும். இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்று ஆசிரியையே பிற்பாடு ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் என்னால் மன்னிக்க முடியாதது அந்த முகம் பார்க்கும் கண்ணாடி. கிறிஸ்துமஸ் லீவு முடிந்து கிளம்பும்போது ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் அதை ஒரு பொட்டலமாகக் கொடுக்கிறார். 'எப்போ வேணும்னாலும் இதுல என்னைக் கூப்பிடு' என்று. ஹாரி பிரிக்கவே இல்லை. பிரித்திருந்தால் சிரியஸ் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும், அவரை மீட்க யாரும் மந்திர அமைச்சகத்துக்கு ஓடியிருக்க வேண்டாம், அவர் செத்திருக்கவும் வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு பெட்டிக்கு அடியில் அது கிடைக்கிறது. கல்லூரி விடுதியில் ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அறைத்தோழன் திருடன் வந்துவிட்டான் என்று எழுந்து உட்கார்ந்தான்.

மேற்கு மாம்பலத்திலிருந்து:

தம்பி, அவன் மறந்ததாக எழுதவில்லையே. சிரியஸை ஆபத்தில் இழுத்துவிடக் கூடாது என்றுதான் அதைத் தொடவே மாட்டேன் என்று முடிவு செய்கிறான். அவரைக் காப்பாற்ற எடுத்த முடிவே அவரைக் கொன்றது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வேளச்சேரியிலிருந்து:

காரணம் சரிதான் அக்கா. ஆனால் நடுவில் இத்தனை நூறு பக்கம் ஓடும்போது ஒரு தடவையாவது அந்தப் பொட்டலம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? வாசகனுக்கே மறந்துபோகிற அளவுக்குப் புத்தகம் நீண்டுவிட்டது. நான் சொல்வது அதைத்தான்.

புரசைவாக்கத்திலிருந்து:

நான் பள்ளி ஆசிரியை. இப்போது இருபது வருஷ சர்வீஸ். இந்தப் புத்தகத்தை என் மாணவி ஒருத்திதான் கொடுத்தாள். "மிஸ், அம்ப்ரிட்ஜ் வர்ற இடத்தை மட்டுமாவது படிங்க" என்று. முழுக்கப் படித்தேன்.

அம்ப்ரிட்ஜ் என்கிற அந்த டீச்சர் ஹாரிக்குத் தண்டனை கொடுக்கும் இடம் இருக்கிறதே. 'நான் பொய் சொல்லக் கூடாது' என்று எழுத வேண்டும். மை கிடையாது. எழுத எழுத அந்த வரி அவன் புறங்கையில் கீறி ரத்தமாக வருகிறது. வெளிநாட்டு விமர்சகர்களுக்கு அது மந்திரமாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது இம்போசிஷன். எட்டாம் வகுப்பில் 'நான் வகுப்பில் பேச மாட்டேன்' என்று இருநூறு தடவை எழுதினேன். நேரம் மிச்சமாகட்டும் என்று முதலில் 'நான்' எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, அப்புறம் 'வகுப்பில்', அப்புறம் 'பேச'. நடுவிரலில் பேனா அழுத்திய குழி ராத்திரி சாப்பிடும்போதும் அப்படியே இருந்தது. அம்மா கேட்டதற்கு ஹோம்வொர்க் அதிகம் என்றேன். அன்றைக்கு நான் பேசவே இல்லை, பேசியது பின்னால் இருந்தவள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஹாரியும் கையை மறைத்துக்கொண்டு திரிகிறான். தலைமையாசிரியர் டம்பிள்டோரிடம் போகவில்லை, மெக்கானகல் டீச்சரிடம் சொல்லவில்லை. 'ஏன் சொல்லித் தொலைக்க மாட்டேங்கிறான்' என்று பலர் இதைக் கதையின் ஓட்டையாகச் சொல்வார்கள். என் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் புத்தகத்திலேயே மிக உண்மையான இடம் இதுதான். படித்து முடித்த வாரத்திலிருந்து என் வகுப்பில் இம்போசிஷனை நிறுத்திவிட்டேன். இன்றுவரை கொடுத்ததில்லை.

அடையாறிலிருந்து:

எனக்கு இந்த வரிசையிலேயே பிடிக்காத புத்தகம் இது. மருத்துவமனையில் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் வரும் அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு. மனம் சிதைந்துபோன அவன் அம்மா நடந்து வந்து ஒரு வெற்றுச் சூயிங்கம் காகிதத்தை அவன் கையில் வைக்கிறாள். பாட்டி அதைக் குப்பையில் போடச் சொல்கிறார். அவன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறான். என் பாட்டி கடைசி வருஷங்களில் என்னை அடையாளம் தெரியாமலே பழைய பஸ் டிக்கெட்டுகளை மடித்து மடித்து என் கையில் கொடுப்பார். இதற்கு மேல் எழுத வரவில்லை.

பெரம்பூரிலிருந்து:

என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி. கடையில் வாங்க அப்பாவிடம் காசு கேட்க முடியாத நிலைமை. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஒரு திருட்டுப் பதிப்பு பேரம் பேசி வாங்கினேன். சாணித்தாள், அட்டை மட்டும் பளபளப்பு. மூன்று வாரம் படித்தேன். அமைச்சகத்தின் மர்மத் துறையில் சண்டை உச்சத்தில் இருக்கிறது, டம்பிள்டோர் படியிறங்கி வருகிறார், பக்கத்தைத் திருப்பினேன். ஹாரி டம்பிள்டோரின் அறையில் தனியாக நிற்கிறான், வெளியே விடிந்துகொண்டிருக்கிறது. பக்க எண்ணைப் பார்த்தேன். ஒரு ஃபாரம், 16 பக்கம், பைண்டிங்கிலேயே விட்டுப்போயிருந்தது.

மேலே படித்ததில் சிரியஸ் செத்துவிட்டார் என்று புரிந்தது. எப்படிச் செத்தார் என்று தெரியவில்லை. அடுத்த நாள் 29சி பஸ்ஸில், முழுப் புத்தகம் வைத்திருந்த நண்பனிடம் கேட்டேன்.

"ஒரு வளைவு இருக்கும்டா. அதுல திரை தொங்கும். அதுக்குள்ள விழுந்துட்டாரு."

"விழுந்தா?"

"அவ்ளோதான். செத்துட்டாரு."

"உடம்பு?"

"இல்ல."

"டேய், விளையாடாத. ஒழுங்கா சொல்லு."

"இவ்ளோதான்டா போட்டிருக்கு. நானே மூணு தடவ படிச்சேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. பெசன்ட் நகர் வரை அவன் அதற்கு மேல் பேசவில்லை. பக்கம் தொலைந்த எனக்கும், எல்லாப் பக்கமும் இருந்த அவனுக்கும் அன்றைக்கு ஒரே கேள்விதான் இருந்தது. அந்த மரணம் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்று இங்கே சிலர் சொல்வார்கள். இறுதிச் சடங்கு இல்லை, கடைசி வார்த்தை இல்லை, பார்க்க ஒரு முகம்கூட இல்லை. மறு வருஷம் ஒரு காலை போன் வந்து எங்கள் சித்தப்பா விபத்தில் போய்விட்டார் என்றபோது, 'எப்படி, எப்படி' என்று அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதிலிருந்து நான் அந்தக் குறையைச் சொல்வதில்லை.

அந்த வாரமே நண்பன் தன் புத்தகத்தைக் கொடுத்தான். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விட்டுப்போன பக்கங்களை எடுத்தேன், ஒன்பது தாள். கடைக்காரர் "என்ன தம்பி, பரீட்சைக்கா?" என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து ஓரத்தை வெட்டி, பசை தடவினால் சாணித்தாள் கிழியும் என்று அப்படியே உள்ளே செருகி வைத்தேன். போன மாதம் என் மகள் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். தாள்கள் கீழே விழுந்து வரிசை கலைந்துவிட்டன. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பக்க எண் பார்த்து அடுக்கினோம். "இதுல என்னப்பா வருது?" என்று கேட்டாள். நீயே படி என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு அவள் இருபதாவது அத்தியாயத்தில் இருக்கிறாள்.