மறுமொழி: எரிமலைத் தீவுகளின் ‘தொடர் நிலநடுக்கம்’ – ‘நடுக்கத்திரள்’ என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். எரிமலைத் தீவுகளில் தலையாய நடுக்கம் என்று ஒன்று இல்லாமல், சிறு நடுக்கங்கள் கூட்டமாக வருவதை ஆங்கிலத்தில் ‘earthquake swarm’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> தீவில் எரிமலை வெடிப்பதற்கு முன்னால் வருவதால் ‘முன்னதிர்வு’ என்றே சொல்லிவிடலாம். புதுச்சொல் எதற்கு?

ஐயா சொல்வது எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரிய நிலநடுக்கத்துக்குச் சற்று முன்னால் வரும் சிறிய நடுக்கத்துக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்கிவருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ‘முன்’ என்று எழுதிவிட்டால் ‘பின்’ ஒன்று வந்தே தீர வேண்டும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரேக்க நாட்டின் சாண்டோரினி எரிமலைத் தீவை ஒட்டிய கடலடியில் சில வாரங்களுக்குள் 20,000க்கும் மேற்பட்ட நடுக்கங்கள் பதிவாயின. ஆழத்தில் கற்குழம்பு, அதாவது உருகிய பாறை, கெட்டிப் பாறையைப் பிளந்துகொண்டு நகர்ந்ததே காரணம் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. 10,000க்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேறினார்கள். எரிமலையோ வெடிக்கவில்லை, கற்குழம்பு வழியிலேயே நின்றுவிட்டது. பிறகு அது எதற்கு ‘முன்’? பெயருக்குள்ளேயே ஆரூடத்தை ஏற்றிவைக்கக் கூடாது. அந்தச் சொல்லைப் படித்துவிட்டு மூட்டை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘தொடர் நிலநடுக்கம்’ நானே எழுதிய சொல். 2017 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள ஆகுங் எரிமலையைப் பற்றிய செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் நடுக்கங்கள். மறுநாள் காலை அந்தச் செய்தியைப் படித்த என் பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “தொடர் என்கிறாயே, தலையாய நடுக்கம் எது? அது எப்போது வந்தது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் நமக்குத் தெரிந்த நடுக்கமெல்லாம் தலை உள்ள நடுக்கம். 2007 செப்டம்பர் 12ஆம் தேதி மாலை சுமத்ராவை 8.4 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியபோது, தோ பாயோவில் எங்கள் பதினான்காம் மாடி வீட்டுக் கூடத்தில் தொங்கிய விளக்கு தானாக ஊசலாடியது. தட்டில் போட்ட தோசையை அப்படியே விட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். மறுநாள் காலை இன்னொரு பெரிய நடுக்கம், பிறகு நாள்கணக்கில் சிறியவை. பெரியது முந்திவர, மற்றவை அதன் பின்னால் தேய்ந்து போகும். ‘பின்னதிர்வு’ என்ற சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

எரிமலைத் தீவில் நடப்பது அப்படியல்ல. நெடுநாள் இறுகிக் கிடந்த பிளவு ஒரே மூச்சில் விடுபடுவதில்லை. உருகிய குழம்பு இடம் தேடி நெருக்குகிறது. பாறை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் நொறுங்குகிறது. சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போல. அதில் எந்தக் கடுகைத் தலைவன் என்பது? ஆகவே ‘தலை’ இல்லாமை சொல்லில் தெரிய வேண்டும். ‘தொடர்’ அதை மறைத்துவிடுகிறது.

சென்னையிலிருந்து அம்மையார் தந்த ‘மொய்நடுக்கம்’ அழகான சொல். தேனீயும் எறும்பும் மொய்க்கும் காட்சி கண்முன் வருகிறது. ஆனால் ‘மொய்’ என்று வானொலியில் கேட்டவுடன் கல்யாண வீட்டு மொய்தான் பலருக்கு நினைவில் எழும். ‘நிலநடுக்கக் கூட்டம்’ என்றாலோ, நிலநடுக்கம் பற்றிக் கூடிப் பேசினார்கள் என்றாகிவிடும்.

என் பரிந்துரை ‘நடுக்கத்திரள்’. மேகம் திரள்கிறது, மழை பெய்யலாம், கலைந்தும் போகலாம். புக்கித் தீமா பக்கம் கருத்துத் திரண்டதைப் பார்த்துக் குடையோடு கிளம்பி, பிடோக்கில் வெயிலில் நடந்தவர்கள்தானே நாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவதும் உண்டு. ஏதோ கூடிவருகிறது என்று சொல்லும் இந்தச் சொல், வந்தே தீரும் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

வினையும் கூடவே கிடைக்கிறது. ஸ்பெயினின் கானரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் 2021 செப்டம்பர் 11 அன்று நடுக்கங்கள் திரளத் தொடங்கின. பத்துக் கிலோமீட்டருக்கும் கீழே இருந்தவை நாளுக்கு நாள் மேலேறின. 19ஆம் தேதி மலை வாய் திறந்து 85 நாள் உமிழ்ந்தது. அதே தீவுக்கூட்டத்தின் எல் இயெர்ரோவில் 2011 ஜூலையில் திரண்டவை 10,000ஐத் தாண்டின. அக்டோபரில்தான் கடலுக்கடியில் வெடித்தது. சாண்டோரினியில் திரண்டது கலைந்தது. ஆகுங்கில் அக்டோபர் இறுதியில் நடுக்கங்கள் குறைந்து, எச்சரிக்கையை ஒரு படி இறக்கிய பிறகு, நவம்பர் 21 அன்று வெடித்தது. திரண்டது, ஏறியது, கலைந்தது – இந்த மூன்று வினைகளை வைத்துக்கொண்டு ஒரு செய்தியறிக்கை முழுவதையும் எழுதிவிடலாம். எழுதிப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். நடுக்கமானிப் பதிவில் சாதாரண நடுக்கம் சட்டென்று வெட்டித் தொடங்கி அடங்கும். குழம்பும் வாயுவும் பாதைக்குள் நகரும்போது சில சமயம் தொடக்கமும் முடிவும் தெரியாத ஓர் அதிர்வு, மணிக்கணக்கில் ஒரே சுருதியில் ஓடும். ‘குமுறல்’ என்றால் வெடித்துவிட்டதாகவே நம் செய்தித்தாள் வாசகர்கள் எடுத்துக்கொள்வார்கள். வண்டு முரல்வதை வைத்து ‘நிலமுரல்வு’ என்று எழுதிப் பார்த்தேன். சுருதி கிடைத்தது, கனம் கிடைக்கவில்லை. ஆலைப் பக்கமோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பெரிய இயந்திரம் விடாமல் ஓடும்போது தரை வழியாகக் காலில் ஏறும் அந்த அதிர்வை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள்?

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து