வீடற்றோர் விற்கும் தெரு இதழ்: பிரதியை என்ன விலைக்குத் தருவது, மீந்ததைத் திருப்பி எடுக்கலாமா?

வேம்பு:
வீடில்லாதவர்கள் தெருவில் விற்றுச் சம்பாதிக்க ஒரு மாத இதழ் தொடங்கப்போகிறோம். 32 பக்கம், 2,000 பிரதி, விற்க 15 பேர். பிரதிகளை அவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துவிடலாமா, பாதி விலை வாங்க வேண்டுமா? விற்காததைத் திருப்பி எடுக்கலாமா? கையில் பணமே வைத்திருப்பதில்லை என்கிற வாசகர்களுக்கு என்ன வழி?

கணக்கர்:
பாதி விலை. லண்டனில் 1991இல் ஜான் பேர்டும் கோர்டன் ரோடிக்கும் தொடங்கிய ‘தி பிக் இஷ்யூ’ இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது: விற்பவர் பாதி விலைக்கு வாங்குவார், அட்டை விலைக்கு விற்பார், மீதி அவருடையது. சான் பிரான்சிஸ்கோவின் ‘ஸ்ட்ரீட் ஷீட்’ விற்பவருக்கு இலவசம்தான். ஆனால் அது வீடற்றோர் உரிமைக்குப் போராடும் ஓர் அமைப்பின் தாள், அச்சுச் செலவை அமைப்பே சுமக்கிறது. அந்தத் தெம்பு இல்லாமல் இலவசத்தில் இறங்கினால், ஒருவர் நூறு பிரதி அள்ளிப்போய்ப் பாதியைக் குப்பையில் போடுவார், இன்னொருவர் அட்டை விலையைக் குறைத்து விற்றுப் பக்கத்தில் நிற்பவரின் பிழைப்பைக் கெடுப்பார். எத்தனை விற்றது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

புதிதாக வருபவருக்கு முதல் 5 அல்லது 10 பிரதி மட்டும் சும்மா கொடுங்கள். அது கடனல்ல, அவருடைய கைமுதல். அட்டை விலை 10 என்றால் பத்தும் விற்றுக் கையில் 100 வரும். அதில் 50 போட்டு அடுத்த பத்தை வாங்கலாம், மீதி 50 அன்றைய சாப்பாட்டுக்கு. விலை ஒரே நோட்டாகவோ ஒரே நாணயமாகவோ இருக்கட்டும். 12, 15 என்று வைத்தால் சில்லறை தேடியே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

அதைவிட, உங்கள் எண்ணிக்கையே உதைக்கிறது. 2,000 பிரதியை 15 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 133. 25 நாள் நின்றால் நாளுக்கு ஐந்து சொச்சம், பிரதிக்கு 5 வீதம் கிடைப்பது 27 கூட இல்லை. இதற்காக ஒருவர் நாள் முழுக்க நிற்கமாட்டார். 6 பேரோடு ஆரம்பியுங்கள், அல்லது பிரதியைக் கூட்டுங்கள்.

தெருமுனை:
கணக்கர் சொன்னது சரி. மாத இதழில் இன்னொரு சிக்கலும் உண்டு: வாடிக்கை வாசகர் முதல் வாரமே வாங்கிவிடுவார், நான்காம் வாரம் விற்பவர் வெறுமனே நிற்பார். ஹாம்பர்கின் ‘ஹின்ஸ் உண்ட் குன்ஸ்ட்’ 1993 முதல் மாத இதழாகவே தாக்குப்பிடிக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் முடிந்தால் மாதம் இருமுறை கொண்டுவாருங்கள். ஒவ்வொரு இதழுக்கும் அட்டை நிறம் மாறட்டும், மாதப் பெயர் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியட்டும். இது அலங்காரத்துக்கு அல்ல. கசங்கிய பழைய பிரதி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டி, காசை வாங்கிக்கொண்டு ‘இது கடைசிப் பிரதி’ என்று கொடுக்காமல் போகிறவர்கள் எல்லா ஊரிலும் முளைப்பார்கள். படம், எண், முடிவுத் தேதி போட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்கினால்தான் வாசகர் வித்தியாசம் கண்டுபிடிப்பார். அட்டை கொடுக்க அரசுச் சான்று கேட்காதீர்கள், பலரிடம் இருக்காது. படமும் அவர் சொல்லும் பெயரும் போதும்.

நிற்கும் இடத்தை ஆளுக்கு ஒன்றாக எழுத்தில் ஒதுக்குங்கள். ரயில் நிலைய வாசல் கூட்டமாகத் தெரியும், ஆனால் அங்கே எல்லோரும் ஓடுகிறார்கள். கடை வாசலில் கதவை மறைக்காமல் ஒரு பக்கமாக நிற்பது மேல். அங்கே ஆட்கள் வேகம் குறைக்கிறார்கள், கையில் பையும் பணமும் இருக்கும். சொல்லாமல் இரண்டு வாரம் வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான சண்டை இடத்துக்காகத்தான் வரும்.

மீந்த பிரதிக்குப் பணம் திருப்பித் தராதீர்கள். தந்தால் யாரும் அளந்து வாங்கமாட்டார்கள்.

அச்சுமை:
அதில் நான் மாறுபடுகிறேன். மழையில் நனைந்த பிரதியின் நஷ்டத்தை, இரவு படுக்கவே இடமில்லாதவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பணம் வேண்டாம், மாற்றித் தரலாம்: புது இதழ் வரும் நாளில் பழையதைக் கொண்டுவந்தால், கடைசியாக வாங்கியதில் 10க்கு 2 வீதம் புதியது. அதற்கு மேல் இல்லை. இரண்டே பிரதி கேட்டாலும் கொடுக்கும் பழக்கம் இருந்தால் மீதமே குறையும். விநியோக இடத்தைக் காலையில் சீக்கிரம் திறந்து, அவர்கள் கட்டுகளை வைத்துப்போக ஒரு அலமாரியும் கொடுங்கள்.

32 பக்கம் நான்கால் வகுபடும், நடுவில் பின் அடிக்கலாம், நல்லது. நாளிதழ் அகலத்தில் மட்டும் போடாதீர்கள், காற்றில் நிற்காது.

வேம்பு:
நன்றி. 8 பேராகக் குறைத்து, பிரதியை 3,000 ஆக்குகிறோம். பணமில்லாப் பரிமாற்றம்? பலருக்கு வங்கிக் கணக்கே கிடையாது.

கணக்கர்:
ஸ்டாக்ஹோமின் ‘சிச்சுவேஷன் ஸ்டாக்ஹோம்’ 2013இலேயே விற்பவர் கையில் கார்டு கருவி கொடுத்தது. உங்களுக்குக் கியூஆர் குறியீடு போதும். அலுவலகத்தின் ஒரே கணக்கு, ஆளுக்கு ஒரு குறியீடு, அதையே அடையாள அட்டையின் பின்புறம் அச்சிடுங்கள். வந்த தொகை முழுவதும் விற்றவருக்கே. பிரதிக்கான பாதியை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார், மறுபடி பிடிக்காதீர்கள். அன்றே அல்லது மறுநாள் காலை ரொக்கமாகக் கொடுங்கள், விரும்பினால் அடுத்த கட்டுக்குக் கழித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் தாமதித்தால் குறியீட்டை அவர்களே மறைத்து வைப்பார்கள்.