மூன்றாம் வகுப்புப் பையன், வாசிக்க மட்டும் வரவில்லை

கேள்வி (தென்காசிப் பக்கம், ஒரு அம்மா):
மகனுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. கடையில் மீதிச் சில்லறையை என்னைவிட வேகமாகச் சொல்வான். ஆச்சி சொன்ன கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால்தான் முகம் மாறிவிடுகிறது. நேற்று ‘கொக்கு’ என்பதை ‘கெ... ர... க்கு’ என்று வாசித்தான். சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வரியில் அதே சொல் வந்ததும் முதல் தடவை பார்ப்பதுபோல விழித்தான். பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதிய சொல்லை ஐம்பது தடவை எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறான், பத்துத் தடவைக்கு மேல் அது வேறு சொல்லாகிவிடுகிறது. சோம்பேறி என்கிறார்கள். டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்குமோ என்கிறாள் தங்கை. யாரிடம் காட்டுவது? டீச்சரிடம் எப்படிப் பேசுவது?

பதில் (சிறப்பாசிரியை):
சகோதரி, அது சோம்பல் இல்லை. ‘கொ’வை உற்றுப் பாருங்கள். முன்னால் கொம்பு, பின்னால் கால். அந்தக் கால் அச்சில் ‘ர’ மாதிரியே இருக்கும். பையன் கண்ணில் பட்ட வரிசையில் வாசித்திருக்கிறான். எல்லாப் பிள்ளைகளும் தடுமாறும் இடம்தான். மற்றவர்களுக்குக் கொஞ்ச நாளில் பழகிவிடும். டிஸ்லெக்ஸியா இருந்தால் எழுத்தும் ஒலியும் சட்டென்று சேராது. அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் குழந்தை மருத்துவர் வழியாக மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். அவர் சோதித்துப் பார்த்துத்தான் டிஸ்லெக்ஸியாவா என்று சொல்ல முடியும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு, டிஸ்லெக்ஸியா அதில் ஒரு வகை. எட்டு வயதிலிருந்து சான்றிதழ் தருவார்கள், 14, 18 வயதுகளில் மறுபடி பார்ப்பார்கள். அது இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுத ஓர் ஆளும், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கும் கேட்கலாம்.

ஆனால் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டீச்சரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது, அறிவியலில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல், வாயால் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் ஐம்பது தடவைக்குப் பதிலாகப் புளியங்கொட்டை எடுங்கள். நான் வகுப்பில் செய்வது இதுதான். ‘பட்டம்’ என்று மெதுவாகச் சொல்லி ப, ட், ட, ம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை வைக்கச் சொல்வேன். காது பிரித்த பிறகுதான் கை எழுத வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், நாலைந்து சொல் போதும்.

பதில் (எலக்ட்ரீஷியன், மதுரை):
அக்கா, நானும் அந்தப் பையன்தான். எனக்கு அப்போது யாரும் பெயர் சொல்லவில்லை, ‘மக்கு’ என்றார்கள். எங்கள் அக்கா ராத்திரி பாடத்தை வாசித்துக் காட்டுவாள். சமூக அறிவியலில் நான் பாஸானது அவள் குரலால்தான். வாசிப்பு வரும்போது வரட்டும், பாடம் அதுவரை நிற்க வேண்டாம். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி ‘கொக்கு’க்கு மூன்று கொட்டை வைத்தான். ‘கொ’வின் காலை மட்டும் சிவப்பு மையில் எழுதிக் காட்டினேன், ‘ர’ என்று சொல்லவில்லை. அடுத்து ‘கோழி’ வைக்கலாமா என்று அவனே கேட்டான். திங்கட்கிழமை டீச்சரைப் பார்க்கிறேன். ஐம்பது தடவை எழுதிய அந்த நோட்டையும் கொண்டுபோகிறேன். சண்டைக்கு இல்லை, பத்தாவது வரியிலிருந்து என்ன நடக்கிறது என்று அவரும் பார்க்கட்டும்.